ஆய்வகக் கட்டியின் சொல்லை எவ்வளவு நம்பலாம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோயாளியின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்து அவருக்குப் பலிக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்துவிடலாம் என்று தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஈடுபாட்டுடன் படித்தேன். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பெத்தாலஜி துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், இந்த ஆய்வுகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். கட்டுரை விளக்கிய அறிவியல் மெய்யானது. ஆனால் அது வாசகருக்குத் தந்த நம்பிக்கை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று கருதுகிறேன். ஆர்கனாய்டு எனப்படும் இந்த நுண்கட்டிகள் ஒரு மருந்து பலிக்காது என்று காட்டும்போது அதைப் பெரிதும் பொருட்படுத்தலாம். பலிக்கும் என்று காட்டும்போது அதே உறுதியுடன் ஏற்க இதுவரை வந்த சான்றுகள் இடம் தரவில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு குடும்பம் முடிவெடுத்தால் இழப்பது பணத்தை மட்டுமாக இருக்காது என்பதால், சற்று விரிவாகவே எழுத அனுமதி வேண்டுகிறேன்.

முதலில் இந்த நுண்கட்டி எப்படி உருவாகிறது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் வலிமையும் குறையும் அந்தச் செய்முறையிலேயே அடங்கியிருக்கின்றன. வழக்கமாக பயாப்சி எடுத்தவுடன் துணுக்கை பார்மலினில் போடுகிறோம். செல்கள் இறந்து, அவற்றின் உருவம் மட்டும் கெடாமல் நிற்கும், நுண்ணோக்கியில் நோயை அடையாளம் காண அதுவே போதும். ஆர்கனாய்டு வளர்ப்பதற்கோ செல்கள் உயிரோடு வேண்டும். ஊசி வழியே எடுத்த, தீக்குச்சியை விட மெல்லிய அந்தத் துணுக்கைக் குளிரூட்டிய ஊட்டநீரில் இட்டு, சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அங்கு அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, நொதிகளால் செல்களைப் பிரித்து, மேட்ரிஜெல் என்ற கூழ்மத்தில் கலக்கிறார்கள். எலியின் ஒரு வகைக் கட்டியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இந்தக் கூழ்மம் குளிரில் நீர்மமாக இருந்து, உடல் வெப்பமான 37 டிகிரியில் கெட்டியாகிவிடும். எனவே கலக்கும் வேலை முழுவதும் ஐஸ் மேல்தான் நடக்கும். கலவையைத் துளித்துளியாகத் தட்டின் குழிகளில் இட்டு, செல்கள் அடியில் படிந்துவிடாதபடி தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து இன்குபேட்டரில் வைப்பார்கள். துளி உறைந்த பின், குடலின் குருத்தணுக்கள் (மற்ற வகைச் செல்களாக வளரக்கூடிய ஸ்டெம் செல்கள்) உடலுக்குள் பெறுகின்ற வளர்ச்சிக் குறிப்புகளைப் போன்ற புரதங்கள் கலந்த ஊட்டநீரை அதன் மேல் ஊற்றி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்றி வருவார்கள். எல்லாம் கூடிவந்தால், சில வாரங்களில் நடுவே வெற்றிடம் கொண்ட சிறு உருண்டைகளாகவோ, மொட்டுவிட்ட கொத்துகளாகவோ செல்கள் வளர்ந்து நிற்பதைக் காணலாம். மூலக் கட்டியின் மரபணுப் பிறழ்வுகளை அவை பெரும்பாலும் அப்படியே தாங்கியிருக்கும். அவற்றைப் பெருக்கிப் பல குழிகளில் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை வெவ்வேறு அளவில் சேர்த்து, சில நாட்கள் கழித்து எத்தனை செல்கள் உயிரோடு எஞ்சின என்று அளப்பதே சோதனை.

இந்த முறைக்கு வழி திறந்தது நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரிலுள்ள ஹூப்ரெக்ட் ஆய்வு நிலையம். ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாட்டோ, எலியின் குடலிலிருந்து எடுத்த ஒற்றைக் குருத்தணுவைக் கொண்டே குடற்சுவரின் அமைப்பைத் தட்டில் உருவாக்கிக் காட்டினார். அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளில் மனிதப் பெருங்குடல் திசுவையும் புற்றுநோயையும் அவ்வாறே வளர்க்க முடிந்தது. 2015இல் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 20 பேரின் கட்டிகளைக் கொண்டு உயிருள்ள திசு வங்கி ஒன்றை அதே குழுவினர் அமைத்தனர். அதன் பிறகு மார்பகம், கணையம், தலை-கழுத்து, மூளை என்று பல புற்றுநோய்கள் ஆய்வகத்துக்குள் வந்துவிட்டன.

தங்கள் கட்டுரை மேற்கோள் காட்டிய வியத்தகு சதவீதங்கள் 2018 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட அறிக்கையில் உள்ளவை. பரவிய நிலையிலிருந்த குடல், இரைப்பைப் புற்றுநோயாளிகள் 71 பேரிடமிருந்து எடுத்த 110 பயாப்சிகளில் தொடங்கிய அந்த ஆய்வில், தட்டில் கண்ட விளைவையும் நோயாளியிடம் கண்ட விளைவையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஒப்பீடுகள் 21. பலிக்காது என்ற கணிப்பு 100 சதவீதமும், பலிக்கும் என்ற கணிப்பு 88 சதவீதமும் சரியாக இருந்தன என்பது முடிவு. இந்தச் சதவீதங்களை எண்ணிக்கையாக மாற்றினால் படம் தெளிவாகும். பலிக்கும் என்று தட்டு சொன்னது 8 முறை, அவற்றில் 7 சரியாகின. பலிக்காது என்று சொன்னது 13 முறை, 13உம் சரியாகின. மிக நல்ல தொடக்கம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆயினும் 13 முறை தவறாமல் இருந்த ஒரு சோதனை அடுத்த 100 முறையும் தவறாது என்று புள்ளியியல் உறுதி தராது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் உண்மையான தவறு ஐந்தில் ஒன்று வரை இருப்பதற்கும் இடமுண்டு. '100 சதவீதத் துல்லியம்' என்று தலைப்பில் அச்சிடும்போது, எத்தனையில் 100 சதவீதம் என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

இதற்கு அடுத்த ஆண்டு நெதர்லாந்து புற்றுநோய் ஆய்வு நிலையத்தினர் வெளியிட்ட முடிவு, பொதுவெளியில் அதிகம் பேசப்படாவிட்டாலும், இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு நம் ஊர் மருத்துவமனைகளிலும் அன்றாடம் ஏற்றப்படும் இரண்டு வகை கீமோவை அவர்கள் எடுத்துக்கொண்டனர். இரினோடீகான் சேர்ந்த சிகிச்சையில் 80 சதவீதத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் விளைவை ஆர்கனாய்டு சரியாகக் கணித்தது. அதோடு, பலன் பெறக்கூடிய எவரையும் பலிக்காதவர் பட்டியலில் அது தவறுதலாகச் சேர்க்கவில்லை. அதே ஆய்வில், அதே கைகள் அதே முறையில் வளர்த்த ஆர்கனாய்டுகள், 5-ஃப்ளூரோயூராசிலுடன் ஆக்ஸாலிபிளாட்டின் சேர்த்துக் கொடுத்த நோயாளிகளின் விளைவைக் கணிக்கத் தவறிவிட்டன. ஆகவே ஆர்கனாய்டு சோதனை நம்பகமானதா என்ற பொதுக் கேள்விக்கு விடை கிடையாது. எந்தப் புற்றுநோய்க்கு, எந்த மருந்துக்கு என்று தனித்தனியாகத்தான் கேட்க முடியும், தனித்தனியாகத்தான் நிரூபிக்கவும் முடியும்.

அதே நிலையத்தினர் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தனர். வழக்கமான சிகிச்சைகள் தீர்ந்துபோன நோயாளிகளுக்கு, அவரவர் ஆர்கனாய்டு காட்டிய மருந்தையே கொடுத்துப் பார்ப்பது என்று 'சென்சார்' என்ற பெயரில் ஒரு பரிசோதனையை நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டனர். தகுதி பெற்ற 54 பேரில் 31 பேருக்குத்தான் ஆர்கனாய்டு வளர்ந்தது. அவற்றில் பல, ஏதாவது ஒரு மருந்துக்குத் தட்டில் நன்கு கட்டுப்பட்டன. கடைசியில் அந்த வழிகாட்டுதலின்படி மருந்து பெற்றவர்கள் 6 பேர். ஒருவருக்குக்கூடக் கட்டி கணிசமாகச் சுருங்கவில்லை. தங்கள் முறை மேல் நம்பிக்கை கொண்ட ஆய்வாளர்களே இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆறு பேரை வைத்து இந்த முறையையே ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் ஆய்வகக் கட்டி சாகிறது என்பதிலிருந்து நோயாளியின் கட்டியும் சாகும் என்பதற்குத் தாவ முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

ஏன் இப்படி நேர்கிறது என்பது தட்டில் என்னென்ன இல்லை என்று பார்த்தால் விளங்கும். தட்டில் கல்லீரல் இல்லை. இரினோடீகான் உடலுக்குள் சென்று, பெரும்பாலும் கல்லீரலில் மாற்றமடைந்துதான் எஸ்.என்.-38 என்ற வீரியமுள்ள பொருளாகிறது. அதனால் ஆய்வகத்தில் அந்தப் பொருளையே நேரடியாகக் குழியில் சேர்க்கிறார்கள். மாத்திரையாக விழுங்கும் கேப்பெசிட்டபைனும் இவ்வாறே உடலுக்குள் உருமாறிய பின்தான் வேலை செய்யும். தட்டில் இரத்த நாளமும் இல்லை, ஆகவே நாளங்கள் முளைப்பதைத் தடுக்கும் பெவாசிசுமாப் போன்ற மருந்துக்கு அங்கே வேலையே கிடையாது. மேற்சொன்ன லண்டன் குழுவினர், நாளங்களைத் தாக்கும் ரெகோராஃபெனிப் என்ற மருந்தின் விளைவைக் காண ஆர்கனாய்டுகளை எலியின் கல்லீரலில் வைத்து வளர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது இதனால்தான். நோய் எதிர்ப்பு அணுக்கள் இல்லாத தட்டில் இம்யூனோதெரபி மருந்துகளைச் சோதிப்பதற்கும் பொருளில்லை; நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரித்த டி செல்களை ஆர்கனாய்டுடன் சேர்த்து வளர்க்கும் முயற்சிகள் 2018 முதல் வெளிவந்துகொண்டிருந்தாலும், அவை இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன. மருந்தின் அளவும் ஒரு சிக்கல். நரம்பில் ஏற்றிய மருந்து உச்சத்தைத் தொட்டுச் சில மணி நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். குழியில் இட்ட மருந்தோ நாட்கணக்கில் செல்களைச் சூழ்ந்தபடியே நிற்கும். நாற்றங்காலில் செழித்த நாற்று எந்த வயலிலும் அப்படியே விளையும் என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார்.

மாறாக, இவ்வளவு சாதகமான சூழலிலும் ஒரு மருந்து அந்தச் செல்களைக் கொல்லவில்லை என்றால், நாளமும் நாரும் குறுக்கே நிற்கும் உடலுக்குள் அது கொல்லும் என்று எதிர்பார்க்கக் காரணம் மிகக் குறைவு. கட்டிச் செல்லையே நேரடியாகத் தாக்கும் மருந்துகளுக்கு இது பொருந்தும். பலிக்காது என்ற விடைக்கு நான் கூடுதல் மதிப்புத் தருவது இதனால்தான். பக்க விளைவைப் பற்றித் தட்டு ஒன்றும் சொல்லாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இரினோடீகானை உடல் வெளியேற்ற உதவும் மரபணுவில் குறிப்பிட்ட மாறுபாடு உள்ளவர்களுக்கு வெள்ளணுக்கள் ஆபத்தான அளவு குறையலாம்; அது நோயாளியின் பிறவி மரபணுவைப் பொறுத்தது, கட்டியை வளர்த்துக் கண்டுபிடிக்கக் கூடியதல்ல.

ஆர்கனாய்டு ஒரு நோயில் உண்மையிலேயே மருந்தைத் தேர்ந்து தந்திருக்கிறது. அது புற்றுநோய் அல்ல, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய். நோயாளியின் மலக்குடலிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கை வளர்த்து, ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால், நலமான ஆர்கனாய்டு நீர் புகுந்து உப்பும், நோயுள்ளது உப்பாது, மருந்து வேலை செய்தால் அதுவும் உப்பத் தொடங்கும். பெரிய பரிசோதனைகளில் சேர்க்க முடியாத அரிய மரபணுப் பிறழ்வு கொண்டவர்களுக்கு நெதர்லாந்தில் இந்தச் சோதனையின் துணையோடு மருந்து கிடைத்திருக்கிறது. அங்கே குறைபாடு முழுவதும் அந்தச் செல்லின் ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது, அளப்பதும் அதே புரதத்தின் வேலையைத்தான். புற்றுநோய் அப்படி ஓரிடத்தில் அடங்குவதில்லை. கல்லீரலில் உள்ள கட்டியும் நுரையீரலில் உள்ள கட்டியும் ஒரே நோயாளியிடம் வெவ்வேறாக மாறிப் போயிருக்கலாம். ஊசி தொட்ட ஒரு மூலை மற்ற எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல முடியாது.

மருத்துவ உலகம் இந்த வழியில் ஒரு முறை ஏற்கெனவே நடந்து திரும்பியிருக்கிறது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். 1978இல் அமெரிக்க ஆய்வாளர்களான ஆன் ஹாம்பர்கரும் சிட்னி சால்மனும் அவர்களுடைய குழுவினரும், நோயாளியின் கட்டிச் செல்களை அகார் கூழில் வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் முறையை 'நியூ இங்கிலாந்து' மருத்துவ இதழில் வெளியிட்டபோது, இன்று எழுந்திருப்பதைப் போன்ற எதிர்பார்ப்புதான் அன்றும் எழுந்தது. பல கட்டிகள் அகாரில் வளரவே மறுத்தன. வளர்ந்தவற்றில், மருந்துக்கு அடங்காமையைக் கணித்த அளவுக்குப் பலனைக் கணிக்க முடியவில்லை. அடுத்தடுத்து வந்த இத்தகைய சோதனைகளையெல்லாம் ஆராய்ந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம், ஆய்வுக்கு வெளியே இவற்றைக் கொண்டு கீமோ மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று 2004இல் பரிந்துரைத்து, 2011இல் அதையே மீண்டும் உறுதிசெய்தது. ஆர்கனாய்டு அந்தப் பழைய முறைகளைவிடப் பல மடங்கு மேம்பட்டது. மூலக் கட்டியின் அமைப்பையும் மரபணுவையும் அவற்றால் இந்த அளவுக்குக் காக்க முடிந்ததில்லை. ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்வி இன்னும் முழுமையாக விடை பெறவில்லை: சோதனையின்படி சிகிச்சை பெற்றவர்கள், சோதனை இல்லாமல் மருத்துவரின் தேர்வின்படி சிகிச்சை பெற்றவர்களைவிட நீண்ட நாள் வாழ்ந்தார்களா? கணிப்பு பொருந்தியது என்று காட்டுவது ஒன்று, அந்தக் கணிப்பால் நோயாளிக்கு ஆயுள் கூடியது என்று காட்டுவது வேறொன்று. இரண்டாவதைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரு குழுக்களைக் கொண்ட பெரிய பரிசோதனைகள்தான் காட்ட முடியும்.

இவற்றையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தக் கேள்வி நம் வாசல்வரை வந்துவிட்டது. பெருங்குடல் புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவிய தம் அண்ணனின் அறிக்கைக் கட்டை எடுத்துக்கொண்டு, டெல்டா பகுதியைச் சேர்ந்த ஓர் அம்மையார் என்னைப் பார்க்க வந்திருந்தார். தனியார் ஆய்வகம் ஒன்று தந்த அந்த அறிக்கையில் மருந்துகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சிலவற்றுக்கு எதிரே பச்சைக் கட்டம், சிலவற்றுக்கு எதிரே சிவப்பு. "சார், பச்சையா இருக்கறதுல எதை முதல்ல போடச் சொல்லட்டும்?" என்று கேட்டார். நகையை அடகு வைத்து அந்தச் சோதனைக்குப் பணம் கட்டியிருந்தார். அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். எந்த அளவுக்குமேல் செல்கள் இறந்தால் பச்சை என்று வகுத்தார்கள், அந்த எல்லையை எத்தனை நோயாளிகளின் உண்மையான விளைவோடு ஒப்பிட்டு வகுத்தார்கள், வளர்ந்து நின்றவை புற்றுச் செல்கள்தானா அல்லது கூடவே வந்த நல்ல செல்களா என்பதைச் சரிபார்த்தார்களா என்று ஒரு வரிகூட அதில் இல்லை. கடைசிக் கேள்வி வீண் ஐயமில்லை. நுரையீரல் புற்றுநோயில், நலமான மூச்சுக்குழல் செல்கள் புற்றுச் செல்களை மிஞ்சி வளர்ந்து தட்டையே நிறைத்துவிடுவது ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ள பெரிய இடையூறு. சிவப்பில் இருப்பவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், பச்சையை ஓர் அனுமானமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சோதனைக்காக ஏற்கெனவே முடிவான கீமோவைத் தள்ளிப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்துக்கு அந்த அறிக்கையின் வடிவமே பொறுப்பு. பச்சை என்றால் போகலாம் என்றுதானே எவரும் புரிந்துகொள்வார்கள்?

பலிக்காது என்ற விடையை மட்டும் நம்பகமாகத் தர முடிந்தால் அது சிறிய உதவியா என்று சிலர் கேட்கலாம். கீமோ வார்டைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். இரண்டாம், மூன்றாம் கட்ட சிகிச்சைக்கு வருபவருக்குப் பலன் கிடைக்கும் வாய்ப்பு ஏற்கெனவே குறைவு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் மட்டும் குறைவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பேருந்தில் வந்து, நாள் முழுவதும் ஊசி ஏற்றிக்கொண்டு, கூட வந்தவரின் தினக்கூலியையும் இழந்து, மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, அந்த மருந்து வேண்டாம் என்று தொடக்கத்திலேயே தெரிந்தால், எஞ்சிய காலத்தை வேறு மருந்துக்கோ வலி நிவாரண சிகிச்சைக்கோ வீட்டாருடன் இருப்பதற்கோ ஒதுக்கலாம். காப்பீட்டுத் திட்டத்தில் அரசு செலவிடும் பணத்துக்கும் இது பொருந்தும். நெதர்லாந்து ஆய்வில் இரினோடீகானுக்குக் கிடைத்த முடிவு பெரிய எண்ணிக்கையிலும் உறுதியானால், அதுவே எனக்குப் போதிய வெற்றி.

ஷாங்காய் ஃபூடான் பல்கலைக்கழகக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு நேரடியாகப் பயன்படக் கூடியது. முற்றிய மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவைக்கு முன் கதிர்வீச்சும் கீமோவும் தருவது வழக்கம். 80 ஆர்கனாய்டுகளைக் கொண்டு அந்த விளைவைக் கணித்ததில், ஏறத்தாழ 84 சதவீதம் பொருந்தியதாக அவர்கள் தெரிவித்தனர். அறுவையின்போது கட்டி எப்படியும் வெளியே வந்துவிடுவதால், கணிப்பு சரியா தவறா என்பதை நுண்ணோக்கியில் உடனே சரிபார்க்க முடிகிறது. பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. இத்தகைய நோயாளிகள் நம் அரசு மருத்துவமனைகளுக்கு நாள்தோறும் வருகிறார்கள். கதிர்வீச்சும் அறுவையும் பெத்தாலஜியும் ஒரே வளாகத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரிகளில் இதைத் தொடங்குவதற்குப் பெரிய தடை, என் பார்வையில், பணத்தைவிடப் பழக்கம்தான்: துணுக்கு அறுவை அரங்கிலிருந்து நேரே பார்மலின் பாட்டிலுக்குள் போகும் பழக்கம். அதில் ஒரு சிறு பகுதியை உயிருடன் ஆய்வகத்துக்கு அனுப்ப, அரங்கில் ஒரு செவிலியரும் பெத்தாலஜியில் ஒரு டெக்னீஷியனும் பொறுப்பேற்றாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இந்தியாவில் ஒன்றுமே நடக்கவில்லை என்ற எண்ணமும் சரியல்ல. பெங்களூரில் தொடங்கிய மித்ரா பயோடெக் நிறுவனத்தினர், கட்டியின் மெல்லிய சீவல்களை அந்த நோயாளியின் சீரத்தையே (இரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்மத்தையே) சேர்த்து வளர்த்து மருந்துகளைச் சோதிக்கும் முறையை 2015இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்டனர். தலை-கழுத்துப் புற்றுநோயையும் அவர்கள் அதில் எடுத்துக்கொண்டது நம் நாட்டின் தேவைக்கு ஏற்றது. சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் துணையுடன் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இயங்குகிறது. புதிய மருந்துகளுக்கான விதிகளை 2023இல் திருத்தி, விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஆர்கனாய்டு போன்ற முறைகளின் சான்றையும் ஏற்கலாம் என்று மத்திய அரசு வழி திறந்திருக்கிறது. மருந்து உருவாக்கத்துக்கு இது பெரிதும் உதவும். ஒரு தனி நோயாளிக்கு மருந்தைத் தேர்வதற்கு அந்த விதி உரிமம் தரவில்லை என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒப்புதல் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவரின் கட்டியிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டு, அவர் மறைந்த பின்னும் உறைநிலையில் பல்லாண்டு உயிரோடு இருக்கும்; நிறுவனங்களுக்குக் கைமாறும்; அதிலிருந்து மருந்தும் வருவாயும் வரலாம். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து அவர் அறியாமல் எடுத்த செல்கள் உலகெங்கும் பரவி வணிகமான பின், அவருடைய குடும்பத்தினர் ஒரு நிறுவனத்துடன் உடன்பாட்டை எட்ட 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் திசு வங்கிகளுக்கான ஒப்புதல் பற்றித் தெளிவாகவே பேசுகின்றன. அறுவைக்கு முந்தைய இரவு நீட்டப்படும் படிவத்தில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று நான் ஏற்கமாட்டேன். எதற்கு எடுக்கிறோம், எங்கே வைப்போம், யாருக்குத் தருவோம், வேண்டாம் என்று பின்னால் சொன்னால் என்ன செய்வோம் என்பதையெல்லாம் தமிழில், தனியாக, நேரம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே அரசிடமும் மருத்துவர்களிடமும் நான் வேண்டுவது, மக்களுக்கு விற்கப்படும் இத்தகைய சோதனை ஒவ்வொன்றும் எந்தப் புற்றுநோயில், எந்த மருந்துக்கு, எத்தனை நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்ற விதி. இன்னும் நிரூபிக்கப்படாத மருந்துக்கான சோதனை என்றால் அது ஆய்வின் பகுதியாக நடக்க வேண்டும், அதன் செலவை நோயாளி ஏற்கக் கூடாது. தங்கள் நாளிதழிடம் வேண்டுவதும் ஏறத்தாழ இதுவே: இந்த ஆய்வுகளைத் தொடர்ந்து எழுதுங்கள், 2018ஆம் ஆண்டு முடிவுக்குத் தந்த இடத்தை 2021ஆம் ஆண்டு முடிவுக்கும் தாருங்கள். இப்போது சிகிச்சையில் இருக்கும் வாசகர்கள், இத்தகைய சோதனைக்குப் பணம் கட்டும் முன் தங்கள் புற்றுநோய் மருத்துவரிடம், "சிவப்பு என்று வந்தால் எனக்குத் தரவிருக்கும் மருந்தை நிறுத்துவீர்களா?" என்று கேட்கட்டும். மாட்டேன் என்று அவர் சொன்னால், அந்தப் பணத்தை அவர்கள் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெத்தாலஜி பேராசிரியர்,
திருச்சிராப்பள்ளி